வன்னியில் நிலவுப் பயணம் பார்க்க ஊரைக் கூட்டுகிறவருக்கு

நிலவை நோக்கி மனிதர்களை ஏற்றிக்கொண்டு ரொக்கெட் ஒன்று கிளம்பப்போகிறது என்ற செய்தி வந்ததும், சனசமூக நிலையத்திலோ பாடசாலையிலோ யாராவது ஒருவர் "எல்லோரும் சேர்ந்து பார்ப்போமே" என்பார். சொன்னவர் ஒதுங்கிக்கொள்வார். வேலை, விளையாட்டுக் கழகத்து இளைஞர் ஒருவர் தலையிலோ, புதிதாக மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியர் தலையிலோ விழும். இது அவர்களுக்காக எழுதப்படுகிறது.

திரை கட்டுவதும் வயர் இழுப்பதும் பெரிய வித்தையல்ல. ஊரில் கலியாண வீடியோ எடுப்பவர் பத்து நிமிடத்தில் சொல்லித்தந்துவிடுவார். திரைக்கு முன்னால் வந்து இருக்கும் சனம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும், அப்போது நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பதற்குத்தான் ஆயத்தம் வேண்டும். வியப்பவர் இருப்பார். கோபிப்பவர் இருப்பார். பாதியில் நித்திரையாகிவிடுபவர் இருப்பார். சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுபவரும் இருப்பார். இவர்கள் எல்லோரையும் வியக்கவைத்தே தீருவது என்று நீங்கள் வரிந்துகட்டினால் கூட்டம் கெட்டுவிடும். வந்தவர் வந்த மனநிலையோடே இருந்துவிட்டுப் போக இடம் கொடுப்பதுதான் ஏற்பாட்டாளரின் வேலை.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள்

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆர்ட்டெமிஸ் நிலவுப் பயணங்கள் புளோரிடா மாநிலத்தின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கிளம்புகின்றன. அங்கு கோடைகால நேரம் நடக்கும்போது (மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை) நாம் ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் பத்தரை மணித்தியாலம். அங்கே மாலை 6.30 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 4 மணி, அல்லது 5 மணி. திகதி மாறிவிடுவதை மறக்காதீர்கள். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய தகவலில் இருக்கும் திகதியை அப்படியே அறிவிப்புப் பலகையில் எழுதினால் ஊர் ஒரு நாள் முன்னதாகவே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அறிவிக்கும்போது "நான்கு மணிக்கு ரொக்கெட் போகும்" என்று சொல்லவேண்டாம். "நான்கு மணிக்குப் பிறகு போகலாம், போகாமலும் விடலாம்" என்று சொல்லுங்கள். இது தயக்கமல்ல, இந்தத் தொழிலின் இயல்பு. 2022இல் ஆளில்லாமல் நிலவைச் சுற்றிவந்த ஆர்ட்டெமிஸ் 1 ஓகஸ்ட் 29 கிளம்புவதாக இருந்தது. இயந்திரம் ஒன்று போதிய அளவு குளிரவில்லை என்று அளவுமானி காட்டியதால் நிறுத்தினார்கள். செப்டெம்பர் 3 மறுபடி முயன்றார்கள், எரிபொருளான ஐதரசன் கசிந்தது. பிறகு புயல் வந்தது, ரொக்கெட்டைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் நவம்பர் 16ஆம் திகதிதான் கிளம்பியது. அணுக்களிலேயே இலேசானது ஐதரசன். −253 பாகை செல்சியசில் திரவமாக வைத்திருக்கும்போது எந்த மூட்டிலும் வழி தேடும். மக்களை இருத்திவைத்துப் பறக்கப்போகும் வண்டியில் அந்தக் கசிவைக் கண்டும் காணாமல் விடமுடியாது. இவ்வளவையும் முதல் நாளே சொல்லிவைத்தால், நிறுத்தப்பட்ட நாளில் "இதற்காகவா எழுப்பினீர்கள்" என்ற பேச்சு பாதியாகக் குறையும். முழுதாக நிற்காது.

ஊரின் நேரத்தையும் பாருங்கள். காலபோக அறுவடைக் காலமானால் வயற்காரர் இயந்திரத்துக்குக் காத்திருந்து களைத்துப்போய் வருவார்கள். முல்லைத்தீவுக் கரையில் அதிகாலை நான்கு மணிக்கு ஆண்களில் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள். அவர்களுக்காகப் பகலில் மறுபடி ஒருமுறை பதிவைப் போட்டுக்காட்டுவதாகச் சொல்லிவையுங்கள்.

இடமும் வழியும்

பாடசாலை மண்டபம் கிடைத்தால் அதுவே நல்லது. அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்திவிடுங்கள். விடியப்புறத்தில் இருபது பேர் ஒரு இடத்தில் கூடினால் "என்ன விசயம்" என்று கேட்க ஆள் வரும் ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி வாசலோடு முடிந்துவிடும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கமானால் யானை. இருட்டில் தனியாகச் சைக்கிளில் வரச்சொல்லாதீர்கள். ஒழுங்கைக்கு ஒருவர் பொறுப்பெடுத்து ரோச் லைற்றோடு கூட்டிவரட்டும். சிறுபிள்ளைகள் முதல் நாளிரவே மண்டபத்துக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்கினால் இன்னும் நல்லது. நிலவை நன்றாகப் பார்க்கலாம் என்று பழக்கமில்லாத வெளிகளுக்குக் கூட்டத்தைக் கொண்டுபோவது வேண்டவே வேண்டாம். கண்ணிவெடிப் பலகை இன்னும் அகற்றப்படாத காணிகள் வன்னியில் உண்டு.

மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இரவலுக்குக் கிடைத்தால் மண்டபத்துக்குப் பின்புறம் வையுங்கள். டேட்டா காட் இரண்டு வேறு நிறுவனங்களுடையதாக இருக்கட்டும். முந்தின நாள் அதே அதிகாலை நேரத்தில் ஒருமுறை யூடியூபில் நாசாவின் பக்கத்தைத் திறந்து, படம் தடங்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நேரலை என்றாலும் படம் பல விநாடிகள் பிந்தித்தான் வரும். ஒவ்வொரு தொலைபேசியிலும் ஒவ்வொரு அளவு பிந்தும். பின்வாங்கிலில் இருக்கும் தம்பி ஒருவர் தன் கையிலுள்ளதைப் பார்த்துவிட்டு "போயிட்டுது!" என்று கத்தினால், பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கடைசிப் பத்து விநாடியும் பாழ். வாசலிலேயே தொலைபேசிகளைச் சட்டைப்பைக்குள் போடச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கு ஆயத்தம் செய்யுங்கள்

இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் காணமாட்டீர்கள். வன்னியில் இதுதான் முதல் விதி.

ஆர்ட்டெமிஸ் பயணங்களின் எஸ்எல்எஸ் ரொக்கெட் கிளம்பும்போது இரு பக்கத்துத் திண்ம எரிபொருள் உந்திகளும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்கின்றன. அதன் உந்துவிசை ஏறத்தாழ 39 மில்லியன் நியூட்டன். ஒலிவாங்கியில் அது அடிவயிற்றைத் தட்டும் ஒரு நீண்ட உறுமலாகவும், இடையிடையே வெடிப்பதுபோன்ற படபடப்பாகவும் வரும். நகரத்தில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்காகவே பெரிய ஸ்பீக்கர் வாடகைக்கு எடுப்பார்கள். 2009இன் முதல் ஐந்து மாதங்களைப் புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் கழித்த ஒருவருக்கு, விடியப்புற இருட்டில், முன்னறிவிப்பில்லாமல் அந்த உறுமலைக் கேட்கவைப்பது கொடுமை. அவர் பயந்தவர் என்பதல்ல காரணம்; உடம்பு கணக்கு வைத்திருக்கிறது.

ஆகவே திருவிழா ஒலிபெருக்கியை மறந்துவிடுங்கள். சின்ன ஸ்பீக்கர் ஒன்று போதும். தாழ்ந்த ஒலியைக் குறைத்து, பேச்சு விளங்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். எண்ணிக்கை பத்துக்கு வரும்போது இன்னும் குறைக்க ஒருவரை நியமியுங்கள். அவருடைய கை அந்தத் திருகியை விட்டு எடுபடக்கூடாது. இரண்டு நாளுக்கு முன்பே அயல் வீடுகளுக்குப் போய், "வியாழன் விடியப்புறம் மண்டபத்தில் ரொக்கெட் கிளம்புவதைப் போடுகிறோம், கொஞ்சம் சத்தம் கேட்கும்" என்று நேரில் சொல்லுங்கள். வராதவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்லவேண்டும். திரை பார்ப்பவருக்கு அது ரொக்கெட் என்று தெரியும். படுக்கையிலிருந்து கேட்பவருக்குத் தெரியாது.

வெடி கொளுத்துவது அறவே கூடாது. கிளம்பியதும் சீனவெடி போடவேண்டும் என்று யாராவது பையன் ஒருவன் பையில் வைத்திருப்பான். வாசலில் வாங்கிவையுங்கள்.

முந்தின வாரத்தில் ஒரு மாலை, ஆர்ட்டெமிஸ் 1 கிளம்பிய பதிவை வயது வந்த சிலருக்கு மட்டும் முதலில் சத்தமில்லாமலும் பிறகு சத்தத்தோடும் போட்டுக்காட்டுங்கள். எங்கள் வாசிகசாலையில் இப்படிச் செய்தபோது, நடுத்தர வயதுத் தாய் ஒருவர் சத்தமில்லாத படத்தைச் சிரித்த முகத்தோடு பார்த்தார். சத்தம் வந்ததும், மடியில் நித்திரையாகிக் கிடந்த பேரப்பிள்ளையின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். பிள்ளை எழும்பவில்லை. அவரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும், "வடிவாகத்தான் இருக்கிறது தம்பி, சத்தத்தை மட்டும் நிற்பாட்டிவிடும்" என்றார். அதன் பிறகு நாங்கள் இருக்கைகளை மாற்றினோம்: கதவோரத்து வாங்கில்கள் முழுவதும் எழுந்து போக நினைப்பவர்களுக்கு. யாராவது எழுந்து போனால் பின்னால் ஓடிப்போய் "என்ன நடந்தது, ஏன் போகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். வெளியே விறாந்தையில் தேநீர்ப் பானையும் ஒரு கதிரையும் இருக்கட்டும். அதுவே போதும்.

முந்தின நாள் மைதானத்துக்குப் போங்கள்

பிள்ளைகளுக்கு எண்களைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், நடக்கவிட்டால் விடமாட்டார்கள். பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கீறிய நூறு மீற்றர் ஓடுபாதை இருக்குமல்லவா? எஸ்எல்எஸ் ரொக்கெட்டின் உயரம் 98 மீற்றர். அதை அந்தப் பாதையில் படுக்கவையுங்கள். தொடங்கும் கோட்டிலிருந்து 65 மீற்றர் வரை நடுத்தண்டு. திரவ ஐதரசனும் ஒட்சிசனும் நிறைந்தது, எட்டு நிமிடத்தில் வெறுமையாகி விழுந்துவிடும். பக்கத்து உந்திகள் 54 மீற்றர். அவை இரண்டு நிமிடத்தில் கழன்றுவிடும். முடிவுக் கோட்டுக்கு அருகில் ஐந்து மீற்றர் குறுக்களவில் ஒரு வட்டம் கீறி, நான்கு பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல்லுங்கள். அதுதான் பயணிகள் இருக்கும் ஓரியன் கூடு. உயரம் மூன்று மீற்றர் சொச்சம். அந்த நூறு மீற்றரில் திரும்பி வருவது அந்த வட்டம் மட்டும்.

பிறகு ஒரு உதைபந்தை எடுங்கள். அது பூமி. பெரிய தேசிக்காய் ஒன்று நிலவு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பெரியவர்கள் உட்பட எல்லோரும் ஒரு முழத்துக்குள் வைப்பார்கள். சரியான இடம் ஆறரை மீற்றருக்கு அப்பால். சர்வதேச விண்வெளி நிலையம் அந்தப் பந்தின் தோலிலிருந்து 7 மில்லிமீற்றர் உயரத்தில் ஓடுகிறது. 1972 டிசெம்பரில், அந்தக் கால நிலவுப் பயணங்களில் கடைசியான அப்பலோ 17 திரும்பிவந்த பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மனிதர் போனதில் அநேகமாக எல்லாம் அந்த ஏழு மில்லிமீற்றர் எல்லைக்குள்தான். அதைத் தாண்டியது மிகச் சொற்பம். "விண்வெளிக்குத்தான் எப்போதும் போகிறார்களே, இதில் என்ன புதினம்" என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

பஞ்சாங்கம் பார்க்கும் ஐயாவையும் மைதானத்துக்கு அழையுங்கள். கிளம்பும் நாளில் என்ன திதி என்று அவர் சொன்னால், அதிகாலையில் நிலவு எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம். பூரணையை அண்டியதானால் மேற்கில் சரிந்துகொண்டிருக்கும். தேய்பிறையின் கடைசி நாட்களானால் கிழக்கில் மெலிதாக எழும்பும். வளர்பிறை அட்டமியானால் நள்ளிரவோடு மறைந்துவிட்டிருக்கும், தேடவேண்டாம். அடுத்த கேள்வியை அவரே கேட்பார்: நிலவு இல்லாத பக்கத்துக்கு ஏன் ரொக்கெட்டை விடுகிறார்கள்? நிலவு நாளுக்கு 13 பாகை வரையில் நகர்கிறது. கூடு அங்கே போய்ச் சேர நாலைந்து நாள் எடுக்கும். ஆகவே நிலவு நாலைந்து நாள் கழித்து வரப்போகும் இடத்துக்குத்தான் குறிவைக்கிறார்கள். திதிக் கணக்கில் பழகியவருக்கு இது உடனே பிடிபடும். விஞ்ஞான ஆசிரியர்களைவிட வேகமாகப் பிடிபடும் என்றுகூடச் சொல்வேன்.

காத்திருக்கும் நேரத்தில் என்ன சொல்வது

வர்ணனை ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். கிளிநொச்சிப் பக்கமானால் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியாவில் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாணவர் ஒருவரைக் கேட்டால் மறுக்கமாட்டார். அவரிடம் ஒரேயொரு நிபந்தனை வையுங்கள்: எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவேண்டாம், இடைவெளி விட்டுச் சொல்லவும்.

எண்ணிக்கைக் கடிகாரம் பத்து நிமிடத்தில் வந்து நின்றுவிடும். கூட்டத்தில் "போச்சு, நிற்பாட்டிவிட்டார்கள்" என்று சலசலப்பு வரும். இல்லை. ஆர்ட்டெமிஸ் எண்ணிக்கையில் அது திட்டமிட்ட நிறுத்தம். பின்தங்கிய வேலைகளை முடித்துக்கொள்ள அரை மணி நேரம் அளவில் விடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் ஏவுதல் பணிப்பாளர் ஒவ்வொரு மேசையாகக் கேட்பார். ஒவ்வொருவரும் சம்மதம் சொல்லவேண்டும். ஆர்ட்டெமிஸ் 1இன் போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் சார்லி பிளாக்வெல்-தொம்ப்சன். நாசாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இதைச் சொன்னதும் முன்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகள் திரையில் அவரைத் தேடத் தொடங்குவார்கள்.

பயணிகளைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆர்ட்டெமிஸ் 2இன் நால்வரை 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள்: ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோக், ஜெரமி ஹான்சன். நிலவுப் பயணத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினத்தவர் குளோவர், முதல் பெண் கோக், அமெரிக்கரல்லாத முதல் ஆள் ஹான்சன். ஹான்சன் கனடாக்காரர். இந்த ஒரு தகவல் வன்னியில் செய்யும் வேலை சொல்லிமுடியாது. "கனடாவில் எவ்விடம்?" என்று உடனே கேள்வி வரும். ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் என்று சொல்லுங்கள். "அது ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம், மருமகன் அங்கேதான் வேலை" என்று ஒருவர் தொடங்குவார். விடுங்கள், நிறுத்தம் அரை மணி நேரம் இருக்கிறதே.

1969ஐ நினைவில் வைத்திருப்பவர் இருந்தால் அவரைப் பேசவிடுங்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான். நீல் ஆம்ஸ்ட்ரோங் நிலவில் கால் வைத்தபோது இங்கே ஜூலை 21, காலை 8.26. வானொலியில் கேட்டவர்கள், அடுத்த நாள் பத்திரிகையில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிளம்பியதும் வாயை மூடுங்கள்

எடுத்துச்சொல்பவருக்கு இது. முதல் இரண்டு நிமிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். உந்திகள் கழலும்போது திரையில் இரண்டு தீப்பொறி பிரிந்து போவது தெரியும். பார்ப்பவர்கள் சிலர் வெடித்துவிட்டது என்று நினைத்து மூச்சை இழுப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் "அது கழலவேண்டியது, சரியாகத்தான் போகிறது" என்று ஒரு வரி சொன்னால் போதும். எட்டாம் நிமிடத்தில் நடுத்தண்டின் இயந்திரங்கள் அணையும்போது மறுபடி ஒரு வரி.

பயணம் பிழையாகிப்போனால் என்ன செய்வது என்று முன்பே இரண்டு பேர் பேசிவைத்திருக்கவேண்டும். 1986 ஜனவரியில் சலஞ்சர் விண்வெளி ஓடம் 73ஆம் விநாடியில் சிதறியதை, வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகள் நேரலையாகப் பார்த்தார்கள். ஓரியன் கூட்டின் உச்சியில் தப்பிக்கும் கோபுரம் ஒன்று இருக்கிறது. கீழே கோளாறென்றால் கூட்டைப் பிய்த்துக்கொண்டு போகும். 2018 ஒக்டோபரில் ரஷ்யாவின் சோயூஸ் ரொக்கெட் பழுதானபோது இப்படிப்பட்ட ஏற்பாடுதான் இருவரைக் காப்பாற்றியது. எனவே ஏதோ நடந்தது தெரிந்தால் திரையை அணைத்து, மண்டப விளக்கைப் போட்டு, பிள்ளைகளைத் தேநீர்ப் பக்கம் கூட்டிப்போங்கள். கூடு தப்பியதா என்று ஒருவர் மட்டும் தொலைபேசியில் பார்க்கட்டும். மறுபடி மறுபடி காட்டும் படத்தைப் பிள்ளைகள் பார்க்கத் தேவையில்லை.

கேள்விகள் வரும்

"இந்தக் காசுக்கு எத்தனை வீடு கட்டலாம்?" இது கட்டாயம் வரும், பெரும்பாலும் வீட்டுத்திட்டத்தில் பாதி கட்டிய சுவரோடு நிற்பவரிடமிருந்து வரும். தயவுசெய்து நாசாவுக்காக வக்காலத்து வாங்காதீர்கள். முதல் நான்கு ஆர்ட்டெமிஸ் பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 4.1 பில்லியன் டொலர் செலவாகும் என்று 2022இல் சொன்னவர் நாசாவின் சொந்தக் கணக்காய்வுத் தலைமை அதிகாரியே. அந்தப் பணம் இங்கே வரவிருந்த பணமல்ல, அமெரிக்க வரிப்பணம். நாசாவின் முழுச்செலவும் அந்நாட்டு அரசின் செலவில் நூற்றுக்கு அரை வீதத்துக்கும் குறைவு. இரண்டையும் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: 1969 ஜூலையில் அப்பலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், பாதிரியார் ரால்ஃப் அபர்நதி ஏழைக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை வண்டியோடும் ஏவுதளத்து வாசலுக்கே வந்து இதே கேள்வியைக் கேட்டார். நாசாவின் தலைவர் தோமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ரொக்கெட்டை நிறுத்துவதால் வறுமை தீருமானால் நிறுத்திவிடுவோம் என்ற கருத்தில் பதில் சொன்னார். அந்தக் குடும்பங்களில் சிலர் அடுத்த நாள் உள்ளேயிருந்து ஏவுதலைப் பார்த்தார்கள். கேள்வி தீரவில்லை. உங்கள் மண்டபத்திலும் தீராது; தீர்த்துவைக்க முயலவேண்டாம்.

"இதெல்லாம் படப்பிடிப்பு" என்று ஒரு தம்பி சொல்வார். சண்டைக்குப் போகாதீர்கள். ஆறு தடவை இறங்கி 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள். "அப்படியானால் ஏன் இவ்வளவு காலம் போகவில்லை?" என்றால், பதில் பணம்தான்: அப்பலோ காலத்து உச்சத்தில் அமெரிக்க அரசு தன் செலவில் நாலு வீதத்துக்கு மேல் நாசாவுக்குக் கொடுத்தது, பிறகு குறைத்துவிட்டது. நம்புவதும் நம்பாததும் அவர் பாடு.

"சாமியின் தலையில் இருக்கும் பிறையை மிதிக்கலாமா?" என்று ஆச்சி கேட்டால் சிரிப்பவனை வெளியே அனுப்புங்கள். ஆர்ட்டெமிஸ் 2 நிலவில் இறங்காமல் பின்பக்கத்தால் சுற்றித் திரும்புவதாக வகுக்கப்பட்ட பயணம் என்று சொன்னால், "அப்படியென்றால் வலம் வருகிறார்கள்" என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பிறை பார்க்கும் கணக்கு தெரிந்தவர்கள் இருப்பார்கள்; அவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டியது நிறைய.

"எங்கள் தலையில் விழுமா?" 2021 மே மாதம் சீன ரொக்கெட் ஒன்றின் மிச்சம் மாலைதீவுக்கு அருகே கடலில் விழுந்ததிலிருந்து இந்தப் பயம் இருக்கிறது, நியாயமான பயம். எஸ்எல்எஸ் அப்படித் தான்தோன்றியாக விடப்படுவதில்லை: உந்திகள் அத்திலாந்திக்கில் விழும், நடுத்தண்டை முன்பே குறித்த கடற்பரப்பில் விழும்படி அனுப்புகிறார்கள்.

"இங்கிருந்து தெரியுமா?" தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கக்கதை உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் இந்திய ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலால் பறக்காமலிருக்க வழியில் வளைந்து போகின்றன. அதனால் எரிபொருள் வீணாகிறது. தமிழ்நாட்டின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் வைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இதைக் கேட்டதும் பேச்சு சந்திரயானுக்குத் தாவும். 2023 ஓகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியதைக் கடைவாசலில் பார்த்தவர்கள் ஊரில் நிறையப்பேர். அதன் திட்டப் பணிப்பாளர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது பலருக்கு மனப்பாடம்.

பிள்ளைகளின் முதல் கேள்வி எப்போதும் மலசலகூடம் பற்றியது. ஓரியனில் இருக்கிறது, அப்பலோவில் பைதான். இதைத் தலைகுனியாமல் சொல்லிவிட்டால் அடுத்த கேள்விகள் தரமானவையாக வரும்.

எதிர்வினைகளைப் பதிவதென்றால்

ஊர் எப்படிப் பார்த்தது என்பதைக் குறித்துவைப்பது நல்ல காரியம். தரம் 9, 10 மாணவர்களுக்கு ஏற்ற வேலை. கொப்பியும் பென்சிலும் போதும். முகத்துக்கு நேரே தொலைபேசியைப் பிடித்து "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால், தொலைக்காட்சியில் கேட்டுப்பழகிய பதிலைத்தான் தருவார்கள்: பெருமையாக இருக்கிறது, சந்தோசமாக இருக்கிறது. "எதைப் பார்த்தீர்கள்?", "எந்த இடத்தில் கண்ணை மூடினீர்கள்?", "வீட்டுக்குப் போய் யாரிடம் முதலில் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். வயதும் தொழிலும் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், திருத்தக்கூடாது. அழுபவரைப் படம் எடுக்கக்கூடாது. எடுத்ததை முகப்புத்தகத்தில் போடுவது அதைவிட மோசம். ஒன்றும் சொல்ல விரும்பாதவர் என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அதுவும் பதில்தான்.

பிறகு வரும் நாட்கள்

பலர் கிளம்பியதோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆர்ட்டெமிஸ் 2 முதல் ஒரு நாள் பூமியைச் சுற்றியே வண்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நிலவுப் பக்கம் திரும்புவதாக வகுக்கப்பட்டது. மொத்தம் பத்து நாள் அளவிலான பயணம். வாசிகசாலைப் பலகையில் உதைபந்து வட்டமும் தேசிக்காய் வட்டமும் கீறி, கூடு இருக்கும் இடத்தில் தினமும் ஒரு குண்டூசி குத்துங்கள். நிலவுக்குப் பின்னால் போகும்போது வானொலித் தொடர்பு அரை மணி நேரத்துக்கும் மேல் அறுந்துவிடும். அந்த நேரத்தை முன்பே எழுதிப்போடாவிட்டால் "ஆட்களைக் காணவில்லையாம்" என்று கடைத்தெருவில் கதை கிளம்பிவிடும்.

திரும்பி வந்து பசிபிக் கடலில் இறங்குவதைப் பார்க்க மண்டபம் தேவையில்லை. வாசிகசாலைத் தொலைக்காட்சி போதும். கூடு மணிக்கு 40,000 கிலோமீற்றர் அளவு வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழையும். கடைசியில் மூன்று பெரிய பரசூட்டுகள் விரியும். நேரத்தை எழுதும்போது இலங்கை நேரத்தை மட்டும் எழுதுங்கள். இரண்டு நேரத்தையும் எழுதினால், எது எங்கள் நேரம் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவே அன்றைய பொழுது போய்விடும்.